பிள்ளை வளர்ப்புக்கு நடுவே பட்டப்படிப்பு

திருமணத்துக்காகவோ, வேலைக்காகவோ, குழந்தை பிறந்ததாலோ பாதியில் படிப்பை விட்டவர்கள் முப்பது, நாற்பது வயதில் மறுபடியும் கல்லூரி மாணவர்களாவது தமிழ்நாட்டில் இப்போது பரவலாக நடக்கிறது. பணியில் அடுத்த நிலைக்குப் போகப் பட்டம் கேட்கிறார்கள் என்று சேர்பவர்கள் உண்டு. பத்தாம் வகுப்புத் தகுதியில் அரசுப் பணிக்கான குரூப் 4 தேர்வு எழுதியவர், பட்டம் இருந்தால் குரூப் 2 எழுதலாமே என்று சேர்வதும் உண்டு. குரூப் 2 தேர்வில் பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர், பட்டியல் வகுப்பினர், பழங்குடியினர், எல்லா வகுப்பிலும் உள்ள ஆதரவற்ற விதவையர் ஆகியோருக்கு அதிகபட்ச வயது வரம்பு கிடையாது என்பதால், நாற்பது வயதில் வாங்கும் பட்டமும் அங்கே செல்லும். பதினெட்டு வயதில் கைவிட்டுப்போன ஒன்றை எப்படியாவது முடித்துவிட வேண்டும் என்ற ஆசை ஒன்றுக்காகவே சேர்பவர்களும் குறைவில்லை. எந்தக் காரணத்துக்காக வந்தாலும் அவர்கள் எல்லோருக்கும் பற்றாக்குறையாக இருப்பது நேரம். இந்தப் படிப்பைப் பற்றிய மற்ற எல்லாக் கேள்விகளும் கடைசியில் அங்கேதான் வந்து நிற்கும்.

நேரடிக் கல்லூரியில் பொதுவாக 75 சதவீத வருகைப்பதிவு வேண்டும். காலை வகுப்பும் மதிய வகுப்பும் குழந்தையைப் பள்ளியில் விடும் நேரத்தோடும் அழைத்துவரும் நேரத்தோடும் மோதும். வேலைக்குப் போகிறவருக்கு அந்த வழி அநேகமாக மூடியதே. ஆகவே குடும்பஸ்தர்களில் பெரும்பாலோர் தேர்ந்தெடுப்பது தொலைநிலைக் கல்வியைத்தான். பேச்சுவழக்கில் இன்றும் அதைக் 'கரஸ்' என்றுதான் சொல்கிறார்கள்.

அந்தச் சொல் வந்தது பழைய அஞ்சல்வழிக் கல்வியிலிருந்து. இந்தியாவில் 1962-இல் டெல்லிப் பல்கலைக்கழகம் அஞ்சல்வழிப் படிப்பைத் தொடங்கியது. தமிழ்நாட்டில் மதுரைப் பல்கலைக்கழகம் 1971-லும், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979-லும், சென்னைப் பல்கலைக்கழகம் 1981-லும் இதில் இறங்கின. வீடு தேடி வரும் பாடக்கட்டு, ஆண்டுக்கு ஒருமுறை தேர்வு, இடையில் சில நாள் காண்டாக்ட் வகுப்பு என்பதே அன்றைய ஏற்பாடு. நேரடி வகுப்புக்காக எழுதப்பட்ட பாடத்தைத் தபாலில் அனுப்பிவைத்தது அது. தனியாகப் படிப்பவருக்கு என்ன வேண்டும் என்ற யோசனை அதில் குறைவு.

அந்த யோசனையோடு பெரிய அளவில் உருவானது பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம். ஹெரால்டு வில்சன் பிரதமராக இருந்தபோது, அமைச்சர் ஜென்னி லீயின் விடாமுயற்சியால் 1969-இல் அது நிறுவப்பட்டது. 1971-இல் முதல் மாணவர்கள் படிக்கத் தொடங்கினார்கள். பி.பி.சி. தொலைக்காட்சி அதிகாலையிலும் நள்ளிரவுக்கு அருகிலும் பாடங்களை ஒளிபரப்பியது. வேலையும் வீடும் முடிந்த பிறகு கிடைக்கும் நேரத்தைக் கணக்கில் வைத்து ஒரு பல்கலைக்கழகம் தன் பாடவேளையை அமைத்துக்கொண்டது அது. இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் 1980-இல் வந்தது. இந்தியாவில் முதல் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1982-இல் ஆந்திரத்தில் அமைந்தது. 1985-இல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், அதாவது இக்னோ, தொடங்கப்பட்டது. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002-இல் சென்னையில் உருவானது.

சேருவதற்கு முன்னால் பார்க்க வேண்டியது அங்கீகாரம். திறந்தநிலைப் படிப்புகளுக்கும் ஆன்லைன் படிப்புகளுக்கும் பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. 2020-இல் புதிய விதிகளைக் கொண்டுவந்தது. அவற்றின்படி அங்கீகாரம் பெற்ற நிறுவனம், அங்கீகாரம் பெற்ற பாடத்தில் வழங்கும் பட்டம் நேரடிக் கல்லூரிப் பட்டத்துக்குச் சமம். பல்கலைக்கழகத்தின் பெயர் பெரியது என்பது மட்டும் போதாது. சேரும் ஆண்டில் சேரும் பாடத்துக்கு அனுமதி இருக்கிறதா என்று யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளத்தில் பார்த்துவிட வேண்டும். பொறியியல், மருத்துவம், செவிலியம், மருந்தியல், சட்டம் போன்றவற்றைத் தொலைநிலையில் நடத்தவே கூடாது. கடைத்தெருவில் பலகை மாட்டி 'ஒரே வருடத்தில் டிகிரி' என்று அழைக்கும் மையங்களை நம்பிப் பணம் கட்டுபவர்களில் வேலைக்குப் போகும் பெற்றோர் நிறைய. நேரம் இல்லாதவரின் அவசரம்தான் அந்த வியாபாரத்தின் முதலீடு. மூன்றாண்டுப் பட்டத்தை ஓராண்டில் முடிக்கச் சட்டப்படி வழி இல்லை. அப்படிக் கிடைக்கும் சான்றிதழ் சரிபார்ப்பில் நிற்காது, பணமும் திரும்பி வராது.

தமிழ்நாட்டில் அரசு வேலையை மனதில் வைத்துப் படிப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பள்ளிப் படிப்பை முடிக்காமலே திறந்தநிலையில் நேரே பட்டம் வாங்கும் வழி ஒரு காலத்தில் இருந்தது. 2009-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றும் அதைத் தொடர்ந்து தமிழக அரசின் ஆணை ஒன்றும் வந்தன. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பிறகு பட்டம் என்ற வரிசையில் படித்தவரின் பட்டமே அரசுப் பணிக்குச் செல்லும் என்றாயிற்று. எனவே பத்தாவதோடு நின்றவர், முதலில் தனித்தேர்வராகப் பிளஸ் 2 எழுதித் தேர்ச்சி பெற வேண்டும், அல்லது தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாக அந்தப் படியைக் கடக்க வேண்டும். இதற்கு ஓரிரு ஆண்டு கூடுதலாக ஆகும். அந்த ஆண்டுகளை மிச்சம் பிடிக்க நினைத்துக் குறுக்கே போனவர்கள், நேர்முகத் தேர்வு வரை போய்த் தகுதியில்லை என்று திரும்பியிருக்கிறார்கள்.

சேர்க்கை விண்ணப்பத்தில் பெண்கள் முதலில் தடுக்கி விழும் இடம் இனிஷியல். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் பெயருக்கு முன்னால் அப்பாவின் முதலெழுத்து இருக்கும். திருமணத்துக்குப் பிறகு எடுத்த ரேஷன் அட்டை, வாக்காளர் அட்டை, ஆதார், வங்கிக் கணக்கு எல்லாவற்றிலும் கணவரின் முதலெழுத்து ஏறியிருக்கும். பள்ளியில் க.செல்வியாக இருந்தவர் ஆதாரில் ம.செல்வி ஆகியிருப்பார். முன்பெல்லாம் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து ஒப்பேற்றிவிடலாம். இப்போது தொலைநிலைப் படிப்பில் சேரும் ஒவ்வொருவரும் தேர்ச்சி பெற்ற தாள்களின் கணக்கை வைத்திருக்கும், ஆதாரோடு இணைந்த கிரெடிட் வங்கி எண்ணை எடுத்து, அதைக்கொண்டு யு.ஜி.சி.யின் டெப் ஐ.டி. என்ற எண்ணையும் உருவாக்க வேண்டியிருக்கிறது. எழுத்து ஒன்று மாறினாலும் கணினி ஏற்காது. விண்ணப்பிக்கக் கடைசி நாளுக்கு முந்தைய வாரம் இதைக் கண்டுபிடித்து அந்தப் பருவத்தையே கோட்டைவிடுகிறவர்கள் ஏராளம். பள்ளிச் சான்றிதழை மாற்றுவது நெடிய வேலை என்பதால், சான்றிதழில் உள்ளபடி ஆதாரைத் திருத்திக்கொள்வதே எளிது. ஆதாரில் பெயரைத் திருத்த வாழ்நாளில் இரண்டு முறைதான் வாய்ப்பு என்பதால் அதையும் யோசித்துத்தான் செய்ய வேண்டும். கணவரின் முதலெழுத்தை விட்டு அப்பாவின் முதலெழுத்துக்குத் திரும்புவதை வீட்டில் சிலர் மனத்தாங்கலாக எடுத்துக்கொள்வதும் நடக்கிறது. மதிப்பெண் சான்றிதழே தொலைந்துபோயிருந்தால் அரசுத் தேர்வுகள் இயக்ககத்தில் இரண்டாம்படி வாங்க வேண்டும். சேர்க்கை அறிவிப்பு வருவதற்கு மூன்று நான்கு மாதம் முன்பே இந்தக் காகிதங்களை எல்லாம் எடுத்துப் பார்த்துவிடுவது நல்லது.

இனி நேரக் கணக்கு. தொலைநிலைக் கல்வியில் ஒரு கிரெடிட் என்பது முப்பது மணி நேரப் படிப்பு. பாடம் வாசிப்பது, குறிப்பெடுப்பது, காணொலி பார்ப்பது, அசைன்மென்ட் எழுதுவது எல்லாம் இதில் அடக்கம். மூன்றாண்டுப் பட்டத்துக்கு 120 கிரெடிட் என்றால் மொத்தம் 3,600 மணி நேரம். மூன்று ஆண்டுக்கு அதைப் பிரித்தால் ஞாயிறு, தீபாவளி, பொங்கல் எதையும் விடாமல் நாளுக்கு மூன்றேகால் மணி நேரத்துக்கு மேல் வருகிறது. எல்லோரும் இத்தனை மணி நேரம் படித்துத்தான் தேர்ச்சி பெறுகிறார்களா என்றால் இல்லை. கைடு வாங்கித் தேர்வுக்கு முந்தைய பத்து நாளில் முடிக்கிறவர்களே அதிகம். ஆனால் பாடத்தை உண்மையாகக் கற்க வேண்டும் என்று வருகிறவருக்கு அளவுகோல் இந்த மூன்றேகால் மணி நேரம்தான்.

இந்த நேரம் ஒரு தாயிடம் இருக்கிறதா? மத்திய அரசு 2024-இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்காகச் செலவிடுவது நாளுக்குச் சராசரி 289 நிமிடம், ஆண்கள் 88 நிமிடம். 2019-இல் அது பெண்களுக்கு 299, ஆண்களுக்கு 97. ஐந்தாண்டில் பெண்களின் சுமை பத்து நிமிடம் குறைந்தது. ஆண்கள் தந்த கையும் ஒன்பது நிமிடம் குறைந்துவிட்டது. குழந்தையையும் முதியவர்களையும் கவனிக்கும் நேரம் இதற்கு மேல் தனி. எனவே ஓர் அப்பா படிக்கச் சேர்வதும் ஓர் அம்மா படிக்கச் சேர்வதும் ஒன்றல்ல. அப்பா புத்தகத்தோடு உட்கார்ந்தால் 'அப்பா படிக்கிறாங்க, சத்தம் போடாதே' என்று பிள்ளைகளை அதட்ட ஒருவர் இருக்கிறார். அம்மா உட்கார்ந்தால் குக்கர் விசில் எண்ணுவதும் அவர் பொறுப்புதான். பெரும்பாலான அம்மாக்கள் இந்த இடைவெளியைத் தூக்கத்திலிருந்து எடுத்து நிரப்புகிறார்கள். நாலரை மணிக்கு எழுந்து ஆறு வரை படிப்பது இரண்டு மாதம் ஓடும். குழந்தைக்கு ஒரு காய்ச்சல் வந்து இரண்டு இரவு கண்விழித்தால் அந்த ஏற்பாடு கவிழ்ந்துவிடும். தூக்கம் குறைந்தால் படித்ததும் மனதில் தங்காது.

ஆகவே படிப்பைத் தொடங்குமுன் வீட்டுக்குள் பேசி முடிக்க வேண்டியது வேலைப் பங்கீடு. 'நான் உதவி செய்கிறேன்' என்ற பொதுவான வாக்கு இங்கே போதாது. இன்ன கிழமை இரவுச் சமையல் யாருடையது, பள்ளியிலிருந்து அழைத்துவருவது யார், பாட்டி வீட்டில் விடும் ஞாயிறுகள் எவை என்று வேலை வேலையாகப் பிரித்து ஒப்படைத்தால்தான் நேரம் கைக்கு வரும். மிச்சம் கிடைக்கும் நேரத்தில் படித்துக்கொள்ளலாம் என்று விட்டால் மிச்சம் என்று ஒன்று இருக்காது.

இன்னொரு வழி, படிப்பின் வேகத்தைக் குறைத்துக்கொள்வது. திறந்தநிலை முறையில் ஒரு படிப்பை முடிக்கக் குறைந்தபட்சக் காலத்தைப்போல இரண்டு மடங்கு வரை அவகாசம் உண்டு. இக்னோவில் மூன்றாண்டு பி.ஏ.வை ஆறு ஆண்டு வரையிலும், இரண்டாண்டு எம்.ஏ.வை நான்கு ஆண்டு வரையிலும் முடிக்கலாம். 3,600 மணி நேரத்தை ஆறு ஆண்டுக்குப் பிரித்தால் நாளுக்கு ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். சிறு குழந்தை உள்ள வீட்டில் நடக்கக்கூடிய கணக்கு இதுதான். ஆனாலும் சேருபவர்களில் பலர் மூன்று ஆண்டையே குறி வைக்கிறார்கள். முதல் பருவத்தில் எல்லாத் தாளுக்கும் பணம் கட்டி, இரண்டை எழுதி, மற்றதெல்லாம் அரியராகி, அந்த அவமானத்திலேயே படிப்பை நிறுத்திவிடுகிறார்கள். தேர்வுக்கு இரண்டு தாள் மட்டும் பதிவு செய்து அந்த இரண்டையும் நன்றாக எழுதுவது தோல்வி ஆகாது. விதிகள் அதற்காகவே தளர்த்தி வைக்கப்பட்டிருக்கின்றன. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: முந்தைய ஆண்டில் அரியர் இருந்தாலும் அடுத்த ஆண்டுக்கான மறுபதிவைக் காலத்தில் செய்துவிடலாம். அதைத் தவறவிட்டால்தான் ஆண்டு வீணாகும்.

எந்த வேகத்தில் வேலை வாங்குகிறது என்பதிலும் படிப்புக்குப் படிப்பு வித்தியாசம் உண்டு. இக்னோவில் பருவம் முழுவதும் சேர்ந்து அசைன்மென்டுக்கு ஒரு கடைசி நாள், பிறகு ஜூனிலும் டிசம்பரிலும் பருவத் தேர்வு. நடுவில் மூன்று வாரம் புத்தகத்தைத் தொடாவிட்டாலும் ஈடுகட்டலாம். சென்னை ஐ.ஐ.டி. 2020-இல் தொடங்கிய டேட்டா சயின்ஸ் பி.எஸ். படிப்பு வேறு மாதிரி. வயது வரம்பு இல்லை, வீட்டிலிருந்தே படிக்கலாம், பாதியில் நிறுத்தினாலும் அந்தந்த நிலைக்குரிய சான்றிதழ் உண்டு. ஆனால் வாரந்தோறும் அசைன்மென்ட் முடிக்க வேண்டும், தேர்வுகளை மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும். ஒழுங்காக நடக்கும் வீட்டுக்கு அந்த வாராந்தரக் கட்டாயம் துணையாக இருக்கும். எப்போது எது வரும் என்று தெரியாத வீட்டுக்கு அது நெருக்கடி.

இக்னோவின் தேர்வு மாதங்களிலும் ஒரு சிக்கல் உண்டு. ஜூன் என்றால் பள்ளி திறக்கும் நேரம்: சீருடை, காலணி, நோட்டுக்கு அட்டை போடுவது, புது வகுப்பில் அழும் குழந்தை. டிசம்பரில் பிள்ளைகளுக்கு அரையாண்டுத் தேர்வு. அம்மாவின் ஹால் டிக்கெட்டும் மகனின் தேர்வு அட்டவணையும் ஒரே வாரத்தில் வந்து நிற்கும். கடைசி நேரத்தில் பாடத்தை எடுக்கிற பழக்கம் உள்ளவருக்கு இங்கே இடமே இல்லை. மே மாத விடுமுறையில் பிள்ளைகள் தாத்தா பாட்டி ஊருக்குப் போகும் நாட்களும், நவம்பரின் அமைதியான வாரங்களும்தான் இவர்களுக்கு உண்மையான தேர்வுக் காலம்.

படிப்பு வீட்டுக்கு வந்த பிறகு, அந்தப் புத்தகங்களை எப்படிப் பயன்படுத்துவது என்பது தெரிய வேண்டும். திறந்தநிலைப் பல்கலைக்கழகங்களின் பாடநூல் கல்லூரிப் பாடநூலைப்போல எழுதப்படுவதில்லை. ஒரு தாள் சில தொகுதிகளாகவும், ஒவ்வொரு தொகுதியும் சிறுசிறு அலகுகளாகவும் பிரிக்கப்பட்டிருக்கும். அலகின் தொடக்கத்தில் இதைப் படித்து முடித்தால் உங்களால் என்னென்ன சொல்ல முடியும் என்று ஒரு பட்டியல். சில பக்கங்களுக்கு ஒருமுறை 'உங்கள் முன்னேற்றத்தைச் சோதியுங்கள்' என்ற கேள்வியும், அதன் கீழே பதில் எழுதக் கோடு போட்ட வெற்றிடமும். கடைசியில் விடைக் குறிப்பு. ஓர் அலகை ஒரே அமர்வில் முடித்துவிடலாம். ஆசிரியர் இல்லாத வகுப்பறைக்காக, குறுகிய நேரத்தில் படிப்பவருக்காகத் திட்டமிட்டுச் செய்த வடிவம் இது. பழைய புத்தகக் கடைக்கு வரும் இந்த நூல்களைப் புரட்டினால் அந்தக் கோடுகள் பெரும்பாலும் வெறுமையாகவே இருக்கின்றன. கேள்வியைத் தாண்டி அடுத்த பத்திக்குப் போய்விடுகிறார்கள்.

இது பெரிய இழப்பு. படித்ததை மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்ப்பது, அதையே மறுபடி மறுபடி வாசிப்பதைவிட நீண்ட நாள் மனதில் தங்க உதவுகிறது என்பதை ரோடிகர், கார்பிக் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட சோதனைகள் காட்டின. ஒரே நாளில் நான்கு மணி நேரம் உட்கார்வதைவிட நான்கு நாள் ஒவ்வொரு மணி நேரமாகப் படிப்பது மேல் என்பதும் நினைவாற்றல் ஆய்வில் நன்கு நிலைபெற்ற முடிவு. துண்டு துண்டாகத்தான் நேரம் கிடைக்கிறது என்று வருந்தும் பெற்றோருக்கு இது உண்மையிலேயே நல்ல செய்தி. காலையில் ஓர் அலகை வாசித்துவிட்டு, பேருந்தில் போகும்போது அதன் ஐந்து கருத்துகளை மனதுக்குள் சொல்லிப் பார்ப்பதும், இரவில் பாத்திரம் கழுவும்போது மறுபடி ஒருமுறை ஓட்டிப் பார்ப்பதும் படிப்புதான். பிள்ளை வீட்டுப்பாடம் எழுதும் அரை மணி நேரத்தில் எதிரே உட்கார்ந்து அசைன்மென்ட் எழுதுவது பல வீடுகளில் நடைமுறைக்கு ஒத்துவந்திருக்கிறது. புதுப் பாடத்தைப் புரிந்துகொள்ள அந்த நேரம் ஏற்றதில்லை, குறுக்கே பத்துக் கேள்வி வரும். ஏற்கெனவே புரிந்ததைக் கையால் எழுத அது போதும். இக்னோவில் மொத்த மதிப்பெண்ணில் பொதுவாக 30 சதவீதம் அசைன்மென்டுக்கு என்பதால், அதைக் கவனமாக எழுதியவர் தேர்வு அறைக்குப் பாதிப் பயம் குறைந்துதான் போவார்.

பணம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தொலைநிலைப் பட்டக் கட்டணம் தனியார் கல்லூரிக் கட்டணத்தோடு ஒப்பிட்டால் குறைவு. இக்னோவின் பாடநூல்கள் இகியான்கோஷ் தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. பெரிய தொகைக்குக் கல்விக் கடன் எடுத்தால், பழைய வருமான வரி முறையில் இருப்பவர் அதன் வட்டியை எட்டு ஆண்டு வரை கழித்துக்கொள்ளலாம். பிள்ளைக்காக எடுத்த கடனுக்கு மட்டும்தான் இந்தச் சலுகை என்று பலர் நினைக்கிறார்கள். தனக்காகவோ வாழ்க்கைத்துணைக்காகவோ எடுத்த கடனுக்கும் இது உண்டு. அரசு ஊழியராக இருப்பவர் சேர்வதற்கு முன்பே துறையின் அனுமதியை எழுத்தில் வாங்கிவிட வேண்டும். படித்து முடித்த பிறகு கேட்டால் பட்டத்தைப் பணிப் பதிவேட்டில் ஏற்றுவது இழுபறியாகும்.

நேரடிக் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் தாய்மார்களின் நிலை இன்னும் கடினம். முனைவர் பட்ட ஆய்வில் சேர்ந்த பெண்களுக்கு மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு விடுப்பாக 240 நாள் வரை உண்டு. ஆய்வை முடிக்கக் கூடுதலாக இரண்டு ஆண்டும் தருகிறார்கள். இளநிலை, முதுநிலை மாணவியருக்கும் மகப்பேறு விடுப்பு, வருகைப்பதிவுத் தளர்வு ஆகியவற்றுக்கு விதிகள் வகுக்கும்படி 2021 டிசம்பரில் யு.ஜி.சி. பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது. அதை எத்தனை கல்லூரி அலுவலகங்கள் மாணவியர் கேட்காமலே எடுத்துச் சொல்கின்றன என்பது வேறு விஷயம். ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்று 2017-இல் மகப்பேறு நலச் சட்டம் திருத்தப்பட்டது. ஆனால் அது பணியாளருக்கான சட்டம். ஆயிரக்கணக்கில் மாணவியர் படிக்கும் கல்லூரியில், படிக்கும் தாயின் குழந்தைக்கு அப்படி ஓர் உரிமை இல்லை. இது சரிசெய்யப்பட வேண்டிய குறை. ஞாயிற்றுக்கிழமை வகுப்பு நடக்கும் தொலைநிலைக் கல்வி மையங்களுக்கும் இது பொருந்தும். அங்கே வரும் தாய்மார்கள், குழந்தையைப் பார்த்துக்கொள்ள யாரும் இல்லாத வாரங்களில் வராமல் இருந்துவிடுகிறார்கள். காலி வகுப்பறை ஒன்றும் பார்த்துக்கொள்ள ஒரு பெண்மணியும் இருந்தால் தீரக்கூடிய விஷயம் அது.

எவ்வளவு திட்டமிட்டாலும் நடுவில் நிறுத்த வேண்டிய ஆண்டு ஒன்று வரலாம். இரண்டாவது குழந்தை, மாமியாரின் நோய், இடமாற்றம் எதுவும் காரணமாகலாம். முன்பு அப்படி நின்றால் படித்தது அத்தனையும் கணக்கில் இல்லாமல் போகும். புதிய கல்விக் கொள்கைக்குப் பிறகு 2021-இல் தொடங்கிய கிரெடிட் வங்கியில், தேர்ச்சி பெற்ற தாள்களின் கிரெடிட் மாணவர் பெயரில் சேமிக்கப்படுகிறது. புதிய பாடத்திட்டத்தில் ஓராண்டு முடித்தவருக்குச் சான்றிதழ், இரண்டாண்டு முடித்தவருக்கு டிப்ளமோ என்று வெளியேறும் வழியும், பின்னால் திரும்பச் சேரும் வழியும் வைக்கப்பட்டுள்ளன. எந்தெந்தப் பல்கலைக்கழகம் இதை நடைமுறையில் எந்த அளவுக்கு ஏற்கிறது என்பதைச் சேரும்போதே கேட்டு எழுத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

எல்லாத் தாளும் முடிந்ததும் முதலில் கையில் கிடைப்பது மதிப்பெண் பட்டியலும் புரொவிஷனல் சான்றிதழும். பட்டச் சான்றிதழ் பட்டமளிப்பு விழாவுக்குப் பிறகு வரும், அதற்குத் தனியாக விண்ணப்பமும் கட்டணமும் உண்டு. வேலைக்கு விண்ணப்பிக்க புரொவிஷனலே போதும் என்பதால், விழாவுக்காகக் காத்திருக்காமல் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் புதிய தகுதியைப் பதிந்துவிடலாம். பதிவுமூப்பு பதிந்த நாளிலிருந்துதான் எண்ணப்படும், மூன்று ஆண்டுக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்கவும் வேண்டும்.